90 ஓடிய வண்டி இப்போது 68: பேட்டரி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. வாங்கும்போது ஓடிய தூரம் இப்போது ஓடவில்லை, பேட்டரி போய்விட்டதா, மாற்ற எவ்வளவு ஆகும் என்று. அதனால் பிரேக், டயர், இன்சூரன்ஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை முழுக்க எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரிக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: 3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் வாங்கி மூன்று வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. 28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புதிதில் ஃபுல் சார்ஜுக்கு 90 கி.மீ. வந்தது, இப்போது 68 தாண்டுவதில்லை. ஆனால் சார்ஜ் போட்டால் மீட்டர் 100 என்றுதான் காட்டுகிறது. தினமும் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் காட்பாடி ஸ்டேஷன் வரை 13, 14 கி.மீ. ஓட்டிப் போய் அங்கே நிறுத்திவிட்டு சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். பேட்டரி காலி, மாற்றித்தான் ஆகணும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். மாற்றலாமா ஐயா?
*வாசகர், காட்பாடி அருகில்*

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். அளந்து பார்க்காமல் பேட்டரிக்குப் பணம் கட்டுவது, ரத்தம் டெஸ்ட் எடுக்காமல் ஆபரேஷனுக்குப் படுப்பது மாதிரி.

முதலில் அந்த 100 என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதில்தான் குழம்புகிறார்கள். மீட்டரில் தெரியும் 100 சதவீதம், பேட்டரி இன்றைக்கு எவ்வளவு பிடிக்குமோ அதில் நூறு. வாங்கின அன்று பிடித்த அளவில் நூறு அல்ல. குடம் சிறியதாகிவிட்டாலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் நிறைகுடம்தானே, அதே கதை.

குடம் ஏன் சிறியதாகிறது? உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படிவு ஏறிக்கொண்டே போகும் இல்லையா, லித்தியம் செல்லின் உள்ளேயும் கிட்டத்தட்ட அப்படி ஒன்று நடக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கத்தில் உள்ள கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும், வண்டி ஓடும்போது திரும்பி வரும். அந்தக் கிராஃபைட்டின் மேல் நடுவிலுள்ள திரவம் பட்டு ஒரு மெல்லிய ஏடு படிகிறது. முதல் சில சார்ஜிலேயே படியும் அந்த ஏடு நல்லதுதான், அது இல்லாவிட்டால் செல் பிழைக்காது. ஆனால் அது நின்றுவிடாமல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிறது, தடிக்கத் தடிக்க அதற்குள் லித்தியம் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. கூடவே ஏடு தடித்த செல்லில் மின்சாரம் ஓடுவதற்கு எதிர்ப்பும் கூடும், பழைய வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குவது அதனால்தான்.

இந்தப் படிவை வேகப்படுத்துகிறவை இரண்டு: வெயில், நிறைந்த சார்ஜ். வேதியியலில் பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள், சூடு 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று. நீங்கள் செய்வது என்ன? 100 வரை ஏற்றிய பேட்டரியோடு ஸ்டேஷன் வரை 13, 14 கி.மீ. ஓட்டி, இன்னும் எண்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும்போதே, வேலூர் வெயிலில் காலை முதல் சாயங்காலம் வரை நிறுத்துகிறீர்கள். கத்திரி வெயிலில் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது, பேட்டரியோ ஃபுட்போர்டுக்கு அடியில் அந்தத் தரையைப் பார்த்தபடி இருக்கிறது. வண்டி ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் உங்கள் விஷயத்தில் அதிகம் என்று நினைக்கிறேன். நிழலில் இடம் கிடைத்தால் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாவது அங்கே விடுங்கள். போய்வர 30 கி.மீ. கூட இல்லாத தூரத்துக்கு 70 சதவீத சார்ஜ் தாராளம்.

சரி, அளப்பது எப்படி? ஆன்லைனில் பிளக்கில் செருகும் யூனிட் மீட்டர் கிடைக்கிறது. சார்ஜர் 16 ஆம்பியர் பிளக் என்றால் அதற்கேற்ற மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். வண்டியை 10 சதவீதம் வரும் வரை ஓட்டிவிட்டு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அந்த மீட்டர் வழியாக 100 வரை சார்ஜ் போடுங்கள். 3 யூனிட் பேட்டரியில் 90 சதவீதம் என்றால் 2.7 யூனிட். சார்ஜர் சூடாகி வீணாவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், புது வண்டி சுவரிலிருந்து 3 யூனிட் இழுத்திருக்கும். உங்கள் மீட்டர் 2.6 காட்டினால் பேட்டரியில் இன்னும் 87 சதவீதம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். (விளம்பரத்தில் போட்ட யூனிட்டும் உபயோகிக்கக் கிடைக்கிற யூனிட்டும் சில வண்டிகளில் வேறுவேறாக இருக்கும், கையேட்டில் இரண்டாவதைத் தேடிப் பிடித்து அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.)

87 என்றே வந்தது என்று வையுங்கள். அப்படியானால் 90 கி.மீ. 78 ஆகத்தான் குறைந்திருக்க வேண்டும், மீதி 10 கி.மீ. எங்கே? அது வண்டி தின்றது. புதிதில் கிலோமீட்டருக்கு 33 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) செலவழித்த வண்டி இப்போது 38 செலவழிக்கிறது. டயர் காற்று, பிரேக் ஷூ உரசல், சக்கர பேரிங், இது போக இப்போது நீங்கள் முன்னைவிட வேகமாக ஓட்டுகிறீர்களா என்பது. வேகம் கூடினால் காற்று பிடித்திழுப்பது வேகத்தின் வர்க்கத்தில் கூடும், 45-ல் போவதற்கும் 60-ல் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. என் வண்டியிலேயே ஒருமுறை மைலேஜ் திடீரென்று விழுந்து இரண்டு வாரம் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைக் கையால் சுற்றினேன், முக்கால் சுற்றுகூடப் போகாமல் நின்றது. டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொண்டிருந்தது. பேட் நகரும் பின்னைச் சுத்தம் செய்து அதற்கு மட்டும் கிரீஸ் வைத்தபின் ஒரு தள்ளுக்கு ஏழெட்டுச் சுற்று ஓடியது, மறுநாளே மைலேஜ் திரும்பி வந்தது.

கடைசியாக, அவசரமானது. மூன்று வருடம் அல்லது 30,000 கி.மீ., எது முந்துகிறதோ அது என்ற வாரன்டி உங்கள் வண்டியின் வயதுள்ள வண்டிகளில் சாதாரணம். அப்படியானால் உங்களுக்கு இரண்டு மாதமும் 2,000 கி.மீட்டரும்தான் பாக்கி. இந்த வாரமே சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எழுத்தில் கேளுங்கள். வாயால் நல்லாத்தான் சார் இருக்கு என்று சொல்வதை ஏற்காதீர்கள். பல வாரன்டிகளில் பேட்டரி பிடிக்கும் அளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தரவேண்டும் என்று இருக்கும், தேதி தாண்டிய மறுநாள் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. தினமும் 14 கி.மீ. தான் ஓட்டுகிறேன். 80 வரைதான் சார்ஜ் போடணும் என்று என் மகன் சொல்கிறான், ஃபுல்லாகப் போட்டால்தான் பேட்டரி நன்றாக இருக்கும் என்று ஷோரூமில் சொன்னார்கள். யார் சொல்வது சரி?
*வாசகி, துறையூர்*

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி சரி, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை செல் என்பதைப் பொறுத்து. நம் ஊரில் ஓடும் லித்தியம் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி ஒன்று, இரும்பு பாஸ்பேட் வகையான எல்எஃப்பி இன்னொன்று. என்எம்சி செல் நிறையும்போது 4.2 வோல்ட் வரை ஏறும், அந்த உச்சியில் மணிக்கணக்காக நிற்பது அதற்குக் கஷ்டம். அதற்கு உங்கள் மகன் சொல்வதுதான் சரி, 80-ல் நிறுத்திக்கொள்ளலாம். எல்எஃப்பி 3.65 வோல்ட்டோடு நின்றுவிடும், வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், சார்ஜ் சுற்றுகளும் அதிகம் தாங்கும்.

அப்புறம் ஷோரூம்காரர் சொன்னதன் பாதி உண்மை எது? பேட்டரிக்குள் செல்கள் வரிசையாக இருக்கும், ஒன்று கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே என்று காலப்போக்கில் விலகிப்போகும். அவற்றைத் திரும்ப ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையை பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் என்ற எலெக்ட்ரானிக் பலகை பெரும்பாலும் சார்ஜ் நிறைகிற நேரத்தில்தான் செய்கிறது. எப்போதுமே 80-ல் பிடுங்கிவிட்டால் அதற்கு வாய்ப்பே கிடைக்காது. எல்எஃப்பி-யில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் மாறாமல் கிடப்பதால், 30 இருக்கிறதா 60 இருக்கிறதா என்று மீட்டரே தடுமாறும். ஒருமுறை முழுக்க நிறைந்தால்தான் அதற்குக் கணக்கு நேராகும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாரநாட்களில் 30-க்கும் 80-க்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சார்ஜ் போடவே தேவையில்லை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். என்எம்சி என்றால் மாதம் ஓரிரு முறை, எல்எஃப்பி என்றால் வாரம் ஒருமுறை 100 வரை போடுங்கள். அதையும் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறைகிற மாதிரிப் போடுங்கள், சனிக்கிழமை ராத்திரி நிறைத்து திங்கள் காலை வரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அண்ணா, சாப்பாடு டெலிவரி ஓட்டறேன். ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஆகும். ஒன்றரை வருடத்தில் 46,000 ஓடிடுச்சு. மதியம் ஒருமுறை ஃபாஸ்ட் சார்ஜ் போடுவேன். ஃபுல்லுக்கு 85 வந்தது, இப்போ 66. வண்டிக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை பாக்கி இருக்கு.
*வாசகர், வடபழனி*

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தவணை முடிவதற்கு முன் பேட்டரி முடிந்துவிடுமோ என்ற பயம் வரிக்கு வரி தெரிகிறது, அந்தப் பயம் நியாயமானது.

46,000 கி.மீட்டரை ஒரு ஃபுல் சார்ஜுக்கு ஓடும் தூரத்தால் வகுத்தால் சுமார் 600 முழுச் சுற்று வருகிறது. பாதி பாதியாக இருமுறை போட்டால் அது ஒரு சுற்றுதான், ஆகவே இரண்டு தடவை சார்ஜ் போடுவதே பாவம் என்று நினைக்காதீர்கள். 600 சுற்றுக்கு இந்தக் குறைவு ஏமாற்றம்தான், ஆனால் நீங்கள் ஓட்டும் நிலைமைக்கு ஆச்சரியம் இல்லை.

நீங்கள் மாற்றிக்கொள்ளக்கூடியது மதிய நேரம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆர்டர் குவியும், அடித்துப் பிடித்து ஓட்டிவிட்டு 8, 10 சதவீதத்தில் வந்து அதே சூட்டோடு ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு, சென்னை மே மாதத்தில் ஓடி வந்த பேட்டரி அந்தப் பக்கத்தில்தான் நிற்கும். சாப்பிடும் அந்த அரைமணி நேரம் வண்டியை நிழலில் விட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்து சார்ஜ் போடுங்கள். 20-க்குக் கீழே போகவிடாமல் போட முடிந்தால் நல்லது. ஃபாஸ்ட் சார்ஜரில் 80 தாண்டினால் எப்படியும் மெதுவாகிவிடும், அந்தக் கடைசி 20-க்காகக் காத்திருப்பதால் உங்களுக்குப் போவது நேரம், பேட்டரிக்குப் போவது ஆயுள்.

அப்புறம் வாரன்டி. உங்களைப் போல ஓட்டுகிறவர்களுக்கு வருடக் கணக்கு உதவாது, கிலோமீட்டர் கணக்குதான் முந்தும். சில கம்பெனிகள் வணிக உபயோகத்துக்கு வாரன்டி கிடையாது என்றே எழுதியிருக்கும், உங்கள் காகிதத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். பணம் கட்டி 8 வருடம், 80,000 கி.மீ. வரை நீட்டித்துக்கொள்ளும் வசதி இப்போது சில கம்பெனிகளில் இருக்கிறது. இருந்தால் அதை விசாரியுங்கள், புது பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. அடுத்த வண்டி எடுக்கும்போது பேட்டரியை மாற்றிக்கொண்டு போகும் ஸ்வாப்பிங் வகையை யோசியுங்கள். பேட்டரி உங்கள் சொத்தாக இல்லாதவரை அது கிழடாவது உங்கள் கவலை இல்லை. நாளுக்கு நூறு ஓட்டுகிறவருக்கு அதுதான் நிம்மதி என்பது என் கருத்து.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் காலையில் மைலேஜ் கால் பங்கு குறைகிறது. ஏப்ரலில் சரியாகிவிடுகிறது. பேட்டரி பழுதா?
*வாசகர், ஊட்டி*

பதில்: பழுது இல்லை. குளிரில் செல்லுக்குள் அயனிகள் மந்தமாக நகரும், வெயில் வந்தால் திரும்பிவிடும், இது நிரந்தர இழப்பு அல்ல. ஆனால் உறைபனி விழும் விடியற்காலையில் சார்ஜ் போடாதீர்கள். பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிய குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அது நிரந்தர இழப்பு, ஆபத்தும்கூட. மாலையில் வீடு திரும்பியதும், ஓடிய சூடு இருக்கும்போதே போட்டுவிடுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் வீட்டுக்குள் எடுத்துவந்துவிடுங்கள். இன்னொன்று, மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் மேலிருந்து 100-ஓடு கிளம்பாதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் மாதிரிப் பிடித்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திரும்ப ஏற்றும், நிறைந்த பேட்டரியில் அதற்கு இடமிருக்காது, அந்த மோட்டார் பிரேக் வேலை செய்யாமல் வண்டி இழுத்துக்கொண்டு போகும். 80-ஓடு கிளம்பினால் இறக்கமே கொஞ்சம் சார்ஜ் போட்டுக் கொடுக்கும்.

கேள்வி: லைசென்ஸ் தேவைப்படாத சின்ன ஸ்கூட்டர் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். 11 மாதத்தில் 50 கி.மீ. 25 ஆகிவிட்டது. லெட் ஆசிட் பேட்டரி. பழைய சார்ஜரை வைத்துக்கொண்டு லித்தியம் பேட்டரி மட்டும் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார்.
*வாசகர், கும்பகோணம்*

பதில்: பழைய சார்ஜரை வைத்துக்கொண்டு என்ற அந்த மூன்று வார்த்தைக்காகவே கேட்கிறேன், அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள். அம்மாவின் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி ஐந்து இருக்கிறது என்று வையுங்கள், மொத்தம் 60 வோல்ட். அதன் சார்ஜர் சுமார் 73 வோல்ட் வரை தள்ளும். 60 வோல்ட் என்று விற்கும் 16 செல் வரிசை என்எம்சி லித்தியம் பேக் 67.2 வோல்ட்டில் நிறைந்துவிடுகிறது. மேலே உள்ள 6 வோல்ட்டைத் தடுத்து நிறுத்த பிஎம்எஸ் ஒன்றுதான் இருக்கும், அது ஒருநாள் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். மாற்றுவதானால் அந்தச் சான்று உள்ள பேக், அதற்கே உரிய சார்ஜர், இரண்டும் சேர்த்து.

லெட் ஆசிட்டோடேயே தொடர்வதானால் ஒன்று மறக்காதீர்கள், இதன் குணம் லித்தியத்துக்கு நேர்மாறு. லெட் ஆசிட்டைக் காலியாகக் கிடக்கவிடவே கூடாது, காரீயத் தகட்டின் மேல் சல்பேட் படிகம் இறுகிவிடும், அப்புறம் கரையாது. கடைத்தெரு வரை போய்வந்தாலும் வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போடச் சொல்லுங்கள். 80-ல் நிறுத்து என்று மேலே துறையூர் டீச்சருக்குச் சொன்னது அம்மாவுக்குப் பொருந்தாது.

கேள்வி: மகனைப் பார்க்க சிங்கப்பூர் போய் நாலு மாதம் கழித்து வந்தேன். போகும்போது 6 சதவீதம் இருந்தது. வந்து பார்த்தால் வண்டி உயிரே இல்லை, சார்ஜும் ஏறவில்லை.
*வாசகர், தேவக்கோட்டை ரஸ்தா*

பதில்: வருத்தமாக இருக்கிறது ஐயா. நின்றுகொண்டிருந்தாலும் வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 6 சதவீதம் நாலு மாதத்துக்குத் தாங்காது. செல்லின் வோல்டேஜ் மிகவும் கீழே போனால் உள்ளே இருக்கும் செப்புத் தகடே கரைய ஆரம்பிக்கும், அதன் பிறகு வற்புறுத்திச் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். அதனால்தான் பிஎம்எஸ் சார்ஜை மறுக்கிறது. வேறு சார்ஜரை நேராகக் கொடுத்து உயிர் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கம்பெனி சர்வீஸில் மட்டும் காட்டுங்கள், செல் தப்பித்திருந்தால் அவர்களால் முறையாக எழுப்ப முடியும். அடுத்த முறை 50, 60 சதவீதத்தில் வைத்து, நிழலில் விட்டு, மாதம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: புது பேட்டரி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தருகிறார்களாமே?
*வாசகர், கோவை*

பதில்: உங்கள் ஊரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு பேக்கைத் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூடியைத் தூக்கியதும் விரல் பருமனில் நூற்றுக்கணக்கான செல்கள், தேன்கூடு மாதிரி, மேலே நிக்கல் பட்டை ஒட்டியிருக்கிறது. 14 வரிசை. மல்ட்டிமீட்டர் முனையை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார் அந்தத் தம்பி. 3.62, 3.61, 3.62, 3.62 என்று வந்துகொண்டிருந்தது, ஒன்பதாவது வரிசையில் 3.08. அந்த இடத்தில் நிக்கல் பட்டையில் பச்சையாகப் பூத்திருந்தது, எப்போதோ தண்ணீர் புகுந்திருக்கிறது. மற்ற பதின்மூன்று வரிசையும் இன்னும் தெம்போடு இருக்க, அந்த ஒன்று தரையைத் தொட்டதும் பிஎம்எஸ் மொத்த வண்டியையும் நிறுத்திவிடுகிறது. வண்டிச் சொந்தக்காரருக்கு 40 சதவீதத்தில் வண்டி நின்றது இதனால்தான்.

ஆகவே திடீரென்று, அதாவது ஒரு மாதத்துக்குள் மைலேஜ் பாதியானாலோ 30, 40 காட்டிக்கொண்டே வண்டி நின்றாலோ, அது வயதானதன் அடையாளம் இல்லை, ஒரு வரிசை பழுது. அதைச் சரிசெய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் யார் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம். மூன்று வருடம் உழைத்த செல்களுக்கு நடுவில் புத்தம்புது செல்லை வைத்தால் அவை ஒரே நடையில் நடக்காது, கொஞ்ச நாளில் மறுபடி விலகும். அதே அளவு தேய்ந்த, அளந்து எடுத்த செல் வேண்டும், பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும், சாதாரண சால்டரிங் அயர்னால் செல்லைச் சுட்டு ஒட்டுகிறவரிடம் கொடுக்கக் கூடாது. மூடும்போது தண்ணீர் புகாத சீல் போடாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் திரும்ப அங்கேதான் போவீர்கள். வாரன்டி பாக்கி இருந்தால் திறக்கவே வேண்டாம், திறந்த கணமே அது போய்விடும். மாற்றி எடுத்த செல்லைக் குப்பையில் போடவிடாதீர்கள், 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

கேள்வி: இரண்டாம் கை வண்டி வாங்கப் போகிறேன். ஒரே வரியில் என்ன பார்க்கணும்?
*வாசகர், ஓசூர்*

பதில்: ஓடோமீட்டரைப் பார்க்காமல் ஹெல்த் ரிப்போர்ட்டைப் பாருங்கள், அது இல்லாவிட்டால் சார்ஜ் 90 சதவீதத்திலிருந்து 40 வரும் வரை நீங்களே ஓட்டி தூரத்தை இரண்டால் பெருக்குங்கள், வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் வருடம் கொஞ்சம் வேகமாகக் குறைந்து பிறகு பல வருடம் நிதானமாகக் குறைவதுதான் லித்தியத்தின் வழக்கம், ஆகவே 90 சதவீதத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 75-ஐ ஒட்டி இருந்தால் மட்டும் கவனம், அதற்குக் கீழே சில பேட்டரிகள் சரிவில் உருளுவதுபோல வேகமாகப் போய்விடும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அப்பாவின் வண்டி பேட்டரி மூன்று வருடத்தில் தேய்ந்துவிட்டது. தேயாத பேட்டரியை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? இதற்கு என்ன படிக்கணும்?
*வாசகி, தேவகோட்டை*

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையதுதான் அம்மா. வண்டியில் இருக்கிற லித்தியம் அயனி வகை பேட்டரி கடைக்கு வந்ததே 1991-ல்தான், சோனி கம்பெனி கொண்டுவந்தது. அதற்கு வழி போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது 97 வயதான குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஆறுமுகம் மந்திரம். இரும்பு பாஸ்பேட் வகை செல்லுக்கு முன்னோடியான ஆராய்ச்சியில் குட்இனஃபோடு சேர்ந்து வேலை செய்தவர்.

முழுக்கத் தேயாத பேட்டரி கஷ்டம், ஏனென்றால் அந்த ஏடு படியாமல் செல் உயிர் வாழ முடியாது என்று மேலே சொன்னேன் இல்லையா. அதை எவ்வளவு மெதுவாகத் தடிக்க வைக்கலாம் என்பதில்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்துப் பார்க்கிறார்கள், லித்தியத்துக்குப் பதில் சோடியம் வைத்துப் பார்க்கிறார்கள். வேதியியலையும் இயற்பியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலை, பி.டெக். படிப்பும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். பள்ளியிலிருந்து கடிதம் எழுதி, பார்வையிட அனுமதி கேட்கச் சொல்லி உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் நாளைக்கே பேசுங்கள், இந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.